ஒற்றை மயில்கண்

1

இந்தக் கதை ஒரு போர்டிலிருந்து கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு எங்கே பிடித்தது என்று மறைக்கிற கடையில் நான் துணி எடுப்பதில்லை. அந்த மரியாதையை என் வாசகருக்கும் காட்டவேண்டும் அல்லவா?

போன வருஷம், எழுபத்து மூன்றில், முதுகுவலி என்று காஞ்சிபுரத்தில் ஒரு எக்ஸ்ரே டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் அறையில் பெஞ்சு, பெஞ்சுக்கு மேலே காலண்டர், காலண்டருக்குப் பக்கத்தில் தகரப் போர்டு: “ஜரிகைத் துணியுடன் மார்புப் படம் எடுக்கப்பட மாட்டாது.”

நான் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். போர்டுகளைத் திருப்பிப் படிக்கத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ‘ஒரே விலை’ என்று எழுதிவைத்த கடையில்தான் பேரம் தொண்டை கிழிய நடக்கும். ‘இங்கே குப்பை கொட்டாதே’ என்றால் அங்கே குப்பை இருக்கிறது. ஆக, ஜரிகையோடு எடுக்கமாட்டோம் என்று பெயின்ட் அடித்து எழுதியிருந்தால், ஜரிகையால் அங்கே எதுவோ நடந்திருக்கிறது.

துடைப்பத்தோடு வந்த அம்மாளைக் கேட்டேன். “அதுவா? முன்னே ஒரு பொண்ணு விஷயத்துல…” என்று அவர் ஆரம்பித்தார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார். திரும்பி வருவதற்குள் என் முறை வந்துவிட்டது.

மூலதனம் அந்த அரை வாக்கியம்தான். மீதியெல்லாம் நான் ஓட்டிய இழை. அப்படியே நடந்ததா என்று யாரும் விசாரிக்கப் போகவேண்டாம்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

‘வரதர் கோயில் கோபுரத்தின் மேல் காலை வெயில் பட்டு’ — நிறுத்திவிட்டேன். காஞ்சிபுரத்துக் கதை என்றால் கோபுரத்தை விற்றுத்தான் போணி பண்ணவேண்டுமா?

‘ரேணுகாம்பாள் இருமினாள்.’ — இது உண்மை. ஆனால் புடவையில் இருக்கிற பழுதை முதல் மடிப்பிலேயே காட்டுகிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. இதையும் அடித்தேன். (அடித்த இடம் தெரிகிறது. தெரியட்டும்.)

மூன்றாவது இது:

‘தன் பெண்ணை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போன அன்றைக்கு, பட்டுக்கடை ராஜவேலு அவளுக்குக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி அலங்காரம் பண்ணச் சொன்னார்.’

இதில் நான் பேரம் பேசமாட்டேன். இங்கிருந்தே போகலாம்.

3

அது அறுபதுகளின் கடைசி. ஐப்பசி மழையில் ரேணுகாம்பாளுக்குப் பிடித்த இருமல் தை பிறந்தும் விடவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். ரவிக்கைகளை அம்மா செல்லியம்மாள் பிடித்துத் தைத்தாள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் பிடித்துத் தைத்தாள். அதற்குள் வாலாஜாபாத் அரிசி மில்காரர் வீட்டில் பேச்சு முடிந்து, தட்டு மாற்றிக்கொண்டாகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் அர்ஜுனன்.

எக்ஸ்ரே டாக்டர் வீட்டுக்கு என்று கிளம்பின காலையில், மயில்கண் கரை போட்ட அரக்குப் பட்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் ராஜவேலு.

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கா பட்டு?” என்றாள் செல்லியம்மாள்.

“யாருடி ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னது? கோயிலுக்குப் போறோம். போற வழியில டாக்டரு வூடு இருக்குது. அவ்ளோதான்.”

“பாக்கறவங்க என்னா கண்ணு தெரியாதவங்களா?”

“பழம் புடவையில போனா ஏன் போறன்னு கேப்பான். பட்டுல போனா, புடவ எந்தக் கடைன்னுதான் கேப்பான். கேக்கட்டும். நம்ம கடதானே?”

தேங்காய்த் தட்டு ஒரு கையில், பெண் இன்னொரு பக்கத்தில் என்று அப்படித்தான் போனார்கள். தெருவில் இரண்டு பேர் புடவையைப் பற்றிக் கேட்டார்கள். ராஜவேலு கணக்கு பொய்க்கவில்லை.

எக்ஸ்ரே அறைக்குள் அப்பாவை விடவில்லை. அங்கே ஆயா மரியம்மாள் ஒரு வெள்ளை அங்கியை நீட்டினாள். டெட்டால் வாசனை அடித்தது.

“பட்டக் கழட்டி ஆணியில மாட்டு கண்ணு. கழுத்துல கெடக்கறதையும் எடுத்துடு. நெறைய பொம்பளைங்க மாட்டேன்னு அடம் புடிக்குதுங்க. முதுவுல நாடா நான் கட்டி விடறேன்.”

ரேணுகாம்பாள் அடம் பிடிக்கவில்லை. ஜில்லென்ற தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றாள். தடுப்புக்குப் பின்னாலிருந்து படம் எடுக்கிற முருகேசன் குரல் மட்டும் வந்தது.

“மூச்ச நல்லா இழும்மா… புடி… ஆடாத…”

பிடித்தாள்.

பிறகு பட்டைக் கட்டிக்கொண்டு, சங்கிலியைப் போட்டுக்கொண்டு, உள்ளே போன மாதிரியே வெளியே வந்தாள். வாசலில் நின்ற ராஜவேலு பார்த்தது அதைத்தான்: பட்டோடு போனாள், பட்டோடு வந்தாள்.

4

படம் பார்க்க மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள். மறுபடியும் அதே புடவை, அதே தேங்காய்த் தட்டு. ஆயா மரியம்மாள், தன் மகளின் பிரசவத்துக்காகச் செங்கல்பட்டுக்குப் போய்விட்டிருந்தாள். முருகேசனும் அன்றைக்கு வரவில்லை. ரேணுகாம்பாளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ராஜவேலு உள்ளே போனார். பாதி உயரத்துக்கு ஆடுகிற கதவு. உள்ளே பேசுவதெல்லாம் பெஞ்சுக்குக் கேட்கும்.

டாக்டர் ராஜகோபால் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். “வலது பக்கம், காறை எலும்புக்குக் கீழ பாருங்க. வளையம் மாதிரி ஒண்ணு தெரியுது. எனக்கு இது பிடிக்கல.”

ராஜவேலு படத்தைப் பெட்டியிலிருந்து உருவினார். ஜன்னலுக்குப் போனார்.

“என்ன செய்றீங்க?”

“இந்த லைட்டுல ஒண்ணும் சரியாத் தெரியாதுங்க. நாங்க எதையும் வெயில்லதான் பாப்போம்.” தூக்கிப் பிடித்தார். கொஞ்சம் சாய்த்தார். கட்டை விரலால் ஓரத்தை நீவினார். அவர் குரலிலிருந்து பாரம் இறங்கினது வெளியே பெஞ்சுக்கே தெரிந்தது. “டாக்டரே! இது மயில்கண்ணுங்க.”

“என்னது?”

“கரையில போடற டிசைனு. வட்டம், வட்டத்துக்குள்ள புள்ளி. எம் பொண்ணு கட்டிக்கினு வந்த புடவையில இருக்குது. ஜரிகை வெள்ளிக் கம்பிங்க. வெள்ளி படத்துல விழாதா?”

டாக்டர் யோசித்தார். போன மாசம்தான் ஒரு அம்மாள் அங்கி மாற்றமாட்டேன் என்று சண்டை போட்டு, தோளில் ஜரிகை முந்தானையோடு எடுத்த படம் பாழாய்ப் போயிருந்தது.

“விழும்… உங்க பொண்ணு அங்கி மாத்திக்கிச்சா?”

“எங்கங்க? பட்டோட போச்சு, பட்டோட வந்துது. நாந்தான் வாசல்லயே நின்னுக்கினு இருந்தேனே!”

(இந்த இடத்தில் படித்த வாசகர் ஒருவர் கையைத் தூக்குகிறார்: டாக்டர் ஏன் அந்தப் பெண்ணையே கேட்கவில்லை? கேட்டிருக்கலாம். அவள் எட்டடி தூரத்தில்தான் இருந்தாள். ஆனால் கல்யாணமாகாத பெண்ணின் உடம்பைப் பற்றிய கேள்வி அப்பன் வாய்க்குத்தான் போகும், பதிலும் அங்கிருந்துதான் வரும். இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை.)

“எதுக்கும் இன்னொரு படம் எடுத்துடலாம்” என்றார் டாக்டர்.

“எடுத்துடலாங்க. கல்யாணம் ஆவட்டும். ரெண்டு பேரையும் ஜோடியா நிக்கவெச்சு எடுத்துடலாம்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரத்தில் எதிராளி சிரித்துவிட்டால் பாதி முடிந்தது. மீதிப் பாதிக்கு டாக்டர் ஒரு சின்னத் தகர டப்பாவை நீட்டினார். “சரி, காலைல எழுந்ததும் வர்ற சளிய இதுல புடிச்சி அனுப்புங்க. மறக்கக் கூடாது.”

அந்த டப்பா ராஜவேலு வீட்டுச் சமையலறைப் பரணில் இருக்கிறது. காலியாக.

வெளியே பெஞ்சில் ரேணுகாம்பாள் முந்தானையை மடியில் விரித்துப் பார்த்தாள். வட்டம், வட்டத்துக்குள் புள்ளி. அப்பா சொன்னது எவ்வளவு அழகாக இருந்தது! முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அதற்குப் பின்னால்தான் டெட்டால் வாசனை வந்தது. ஆணியில் தொங்கிய பட்டு, முதுகில் நாடா கட்டின கை. அங்கியில் ஏது ஜரிகை? எழுந்தாள். ‘அப்பா’ என்று கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட எடுத்த மூச்சு இருமலாக வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தி அதை அடக்கி முடித்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு ராஜவேலு சிரித்த முகத்தோடு வெளியே வந்துவிட்டார்.

5

இங்கே ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். ராஜவேலு ஒத்துவரவில்லை.

முதல் பிரதியில் அவரைக் கயவனாக எழுதியிருந்தேன்: தெரிந்தே மறைக்கிற அப்பன். சுலபமாக இருந்தது. படித்துப் பார்த்தால் பொம்மை மாதிரி இருந்தார். அப்புறம் புரிந்தது. அந்த ஜன்னலில் அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே மயில்கண்ணைப் பார்த்தார். ஆயுசு முழுக்க ஜரிகையைப் பார்த்த கண் அது. நெஞ்சுக்குள் ஒரு ஓட்டை விழுந்தால்கூட அதில் கரை டிசைனைத்தான் பார்க்கும். அவர் ஏமாற்றினது ஒரே ஒரு வாடிக்கையாளரை. அந்த வாடிக்கையாளரும் அவர்தான்.

அவளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏன் வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை?

அவளுக்கு ரேவதி என்று ஒரு அத்தை — இல்லை, அந்தப் பெயர் அந்தக் காலத்துக்கு ஒட்டவில்லை. பெயர் வேண்டாம். ஐயம்பேட்டையில் ஒரு சித்தி இருந்தாள். அவளுக்கு ‘அந்த இருமல்’. தட்டு தனி, டம்ளர் தனி. கொல்லைப் பக்கம் கவிழ்த்துவைத்த அந்த டம்ளரை, சித்தி செத்துப்போன பிறகும் எடுக்க ஆள் இல்லை. சின்ன வயசில் ரேணுகாம்பாள் பார்த்தது. அப்புறம் மருந்து வந்துவிட்டது, ஊசி வந்துவிட்டது, ஒழுங்காகச் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் டம்ளர் தனிதான்.

இன்னொரு டம்ளரும் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அர்ஜுனன் தண்ணீர் கேட்டான். குடித்தான். டம்ளரைக் கீழே வைக்காமல், எழுந்து சமையலறை வாசல் வரைக்கும் தானே கொண்டுவந்து நீட்டினான். பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அவன் காது சிவந்துவிட்டது. ரேணுகாம்பாள் அந்தக் காதைத்தான் பார்த்தாள். இப்போதும் படுத்தால் அதை நினைத்துச் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். ஆகவே சிரிக்காமல் நினைக்கப் பழகிக்கொண்டாள்.

அந்தக் கை தொட்ட டம்ளர் தன்னுடையதாகவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். தப்பா?

6

மாசியில் முகூர்த்தப் பட்டு எடுக்க மாப்பிள்ளையின் அம்மா அங்கம்மாள் வந்தாள். புருஷன் போன பிறகு மில்லைத் தானே பார்க்கிறவள். ராஜவேலு கடையின் வெள்ளை மெத்தையில் ஏறி உட்கார்ந்தாள். அர்ஜுனன் வெளியே மாட்டுவண்டிப் பக்கம் நின்றுகொண்டான். செல்லியம்மாளும் ரேணுகாம்பாளும் கடைக்கு வந்திருந்தார்கள். ரேணுகாம்பாள் மேல் அதே அரக்குப் பட்டு. ராஜவேலு புடவை மேல் புடவையாக விரித்துக்கொண்டே போனார்.

அங்கம்மாள் ஒன்றையும் தொடவில்லை.

“ஒண்ணு கேட்டா கோச்சிக்கக் கூடாது சம்பந்தி. எக்ஸ்ரே டாக்டரு வூட்டுப் படியில ஒங்கள பாத்ததா எங்க வண்டிக்காரன் முனிசாமி சொன்னான்.”

செல்லியம்மாள் கையிலிருந்த வெற்றிலை நழுவியது. ராஜவேலுவுக்கு இமைகூட ஆடவில்லை.

“பாத்திருப்பான். ஏன் பாக்க மாட்டான்? பழனி, அந்தக் கவர எடுத்தாப்பா.”

கடை ஆள் பழனி பழுப்புக் கவரைக் கொண்டுவந்தான். ராஜவேலு படத்தை உருவி வாசல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார், முந்தானை விரிக்கிற மாதிரி.

“சளி புடிச்சிக்கினு இருந்துச்சி, கல்யாணப் பொண்ணாச்சே, ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்னு போனேன். பாருங்கம்மா அதிசயத்த! நெஞ்சு சுத்தம். நம்ம கட ஜரிகை விழுந்திருக்குது! மயில்கண்ணு! கலப்பட ஜரிகை இப்படி விழுமா?”*

படம் கைக்குக் கை போனது. புடவை எடுக்க வந்திருந்த வேறு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். “அட, ஆமா, மயில்கண்ணுதான்!” என்றாள் ஒருத்தி. “அப்படியே இருக்குதே!” என்றாள் இன்னொருத்தி. கடை முழுக்கச் சிரிப்பு. நோயைக் காட்டி அவர் சரக்குக்கு விளம்பரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

அங்கம்மாள் சிரிக்கவில்லை. படத்தை வாங்கிக்கொண்டாள்.

“அரிசின்னா பல்லுல கடிச்சிப் பாத்துடுவேன். இத எங்கன்னு கடிக்கறது? எந்தப் புடவ அது?”

“இதோ, கட்டிக்கினு இருக்குதே” என்றாள் செல்லியம்மாள், அவசரமாக.

“இப்படி வாம்மா.”

ரேணுகாம்பாள் வந்து மண்டியிட்டாள். அங்கம்மாள் படத்தை அவள் தோளுக்குக் கீழே, கரை மேல் வைத்துப் பார்த்தாள். நூலுக்கு நூல் ஒத்துப் பார்க்கிற மாதிரி. படம் ஜில்லென்றிருந்தது, அந்தத் தகட்டைப் போல. வெளியே நெஞ்சின் படம், உள்ளே நெஞ்சு. நடுவில் ஒரு புடவைதான்.

“ஏன் சம்பந்தி,” என்றாள் அங்கம்மாள் மெதுவாக, “கரை நெடுக கண்ணு ஓடுது. படத்துல ஒத்தக் கண்ணுதானே இருக்குது?”

“மீதி மடிப்புல மறைஞ்சிருக்கும்மா.”

“அது எப்படி, ஒண்ணு மட்டும் தப்பிச்சி வந்துது?”

ராஜவேலு கிட்டே குனிந்தார். படத்தைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஏதோ ஒன்று இப்போதுதான் —

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

அங்கம்மாள் ரேணுகாம்பாளின் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள். அந்தக் கையில் கடுமை இல்லை. பேரன் பேத்தி இருக்கிற வீட்டுக்காரியின் பயம் இருந்தது.

“நீ சொல்லும்மா. இந்தப் புடவையிலதான் எடுத்தாங்களா?”

\* கலப்பட ஜரிகையில் இருக்கிற செம்புக் கம்பியும் எக்ஸ்ரேயில் விழும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ராஜவேலுவிடம் சொல்லவில்லை.

7

முடிவுகளை விரிக்கிறேன். பாருங்கள், தொட்டுப் பாருங்கள்.

‘ஆமாங்க அத்தை’ என்கிறாள். கடையில் எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். மயில்கண்ணையே முகூர்த்தப் பட்டாக எடுக்கிறார்கள். பங்குனியில் கல்யாணம். அந்த டம்ளர் அவளுடையதாகிறது. வாலாஜாபாத் வீட்டில் மூத்த மருமகளின் கைக்குழந்தை புதுச் சித்தியின் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் ஒரு நாள் காலையில் எச்சில் துப்பிவிட்டுப் பார்த்தால், சிவப்பாக —

மடித்துவிடுகிறேன்.

‘இல்லீங்க, வெள்ளை அங்கியில’ என்கிறாள். அங்கம்மாள் படத்தை மெத்தையில் வைத்துவிட்டு எழுந்துகொள்கிறாள். அவளுக்கு வாங்கிவைத்த காப்பி ஆறுகிறது. வண்டி கிளம்புகிற சத்தம். வேடிக்கை பார்த்த பெண்கள் இரண்டு கடை தள்ளி நின்று பேசிக்கொள்கிறார்கள். பரணிலிருந்து டப்பா இறங்குகிறது. ஊசி, மாத்திரை, ஒரு வருஷத்துக்கு மேலே. உடம்பு தேறுகிறது. ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்கிறாள் செல்லியம்மாள். வேறு வரன் வருவதில்லை. இந்த முடிவு கெட்டி. சாயம் போகாது. ஆனால் யாரும் ஆசைப்பட்டு எடுக்கமாட்டார்கள்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அவள் உண்மையைச் சொல்ல, வெளியே நின்ற அர்ஜுனன் உள்ளே வந்து, ‘வைத்தியம் பாக்கட்டும்மா, காத்திருக்கலாம்’ என்கிறான், காது சிவக்க. பளபளப்பான சரக்கு. அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் இதை நான் விற்றால், நாளைக்கு நீங்கள் திருப்பிக்கொண்டு வருவீர்கள்.

8

போர்டை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்கிறீர்களா? நானும் பார்த்தேன். அவள் பேசியிருந்தாலும் அந்தப் போர்டு வந்திருக்கும். பேசாமல் இருந்து, ஆடிக்குப் பிறகு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு எழுதிவைத்ததாகவும் இருக்கும். பெயின்ட் ஒரே பெயின்ட்தான்.

ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறேன். ஆறாம் பகுதியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். அவ்வளவு நேரம் கடையில் இருந்த ரேணுகாம்பாள் ஒரு தடவைகூட இருமவில்லை. எழுதும்போது இருமினாள். விரித்த புடவை மேல், செல்லியம்மாள் பேசும்போது, படம் கைமாறும்போது. நான்தான் அடித்துக்கொண்டே வந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. பழுதை உள்பக்கமாக மடிக்கிற கை எங்கள் குடும்பத்துக் கை. அதனால் இந்தக் கதையை முடிக்க நான் லாயக்கில்லாதவன்.

மூன்றாம் பகுதியில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. முருகேசன் ‘இழு’ என்றான், ‘புடி’ என்றான். அப்புறம் ஒரு வார்த்தை சொல்வார்கள். உங்களுக்கு மார்புப் படம் எடுத்திருந்தால் தெரியும். அதை நான் எழுதவில்லை.

அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மெத்தையில் மண்டியிட்டு, அங்கம்மாள் கை மோவாயில் இருக்க, வாயை இறுக்கி மூடிக்கொண்டு. அவள் பிடித்துவைத்திருப்பது பதிலை மட்டும் அல்ல. மூச்சை விட்டால் முதலில் வருவது இருமலாக இருக்கும். அது வந்துவிட்டால் அங்கம்மாளுக்கு வேறு பதில் வேண்டாம். ராஜவேலு படத்தை மறந்துவிட்டு மகளின் வாயையே பார்க்கிறார். அவரும் மூச்சு விடவில்லை.

ஒரு நெஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்? உங்களுடையதில் பிடித்துப் பாருங்கள்.

பிடித்தாகிவிட்டதா? அந்த வார்த்தையை இனிமேல் நீங்கள்தான் சொல்லவேண்டும்.